‘தேதியை மட்டும் மாத்துங்க’ என்று சொல்லும் முன்: வேலூர்க் கடைக்காரர்களுக்கு, அறிகுறி பார்த்து விளம்பரத்தைச் சரிசெய்யும் வழிமுறை

வேலூரில் அச்சகம் வைத்திருப்பவர்கள் வருஷம் முழுக்கக் கேட்கும் வாக்கியம் ஒன்று: “போன வருஷ மேட்டரே இருக்கட்டும், தேதியை மட்டும் மாத்துங்க.” துணிக்கடை, பாத்திரக்கடை, செருப்புக்கடை, ஹோட்டல் என்று எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். தாள் என்னிடம் அச்சாகிறது, காசு அவர்களுடையது. அந்தத் தாள் மறுநாள் காலை கோட்டை அகழி ஓரம் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த விளம்பரப் பழக்கமும் காரணமில்லாமல் தொடங்குவதில்லை. ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு கூட்டத்தைக் கடைக்குள் அழைக்க உங்கள் அப்பாவோ நீங்களோ யோசித்துச் செய்த வேலை அது. அன்றைக்கு அது சரி. இன்று விளம்பரம் அப்படியே இருக்கிறது, அந்தக் கூட்டம் இல்லை. நம் ஊர் அளவுக்குத் தெருவில் நடக்கும் ஜனம் மாறிய ஊர்கள் குறைவு. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் ஒரே கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இதை யாருக்காகத் தொடங்கினோம், அவர் இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறாரா?

எதையும் மாற்றுவதற்கு முன்

கல்லாவில் ஒரு நோட்டு போடுங்கள். பில் போடும்போது ஒரே கேள்வி: “எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?” பதிலுக்கு ஐந்து கட்டம் போதும். பழைய வாடிக்கை, யாரோ சொன்னது, போர்டு பார்த்து, போனில் தேடி, நோட்டீஸ் பார்த்து. அதில் ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. மாத முதல் வாரம் ஒன்று, நடு வாரம் ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். சம்பள வாரத்தில் வருகிறவரும் பதினெட்டாம் தேதி வருகிறவரும் ஒரே ஆள் இல்லை.

இந்த நோட்டு இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் ஊகம்தான். கேள்வியை முதலாளி கேட்பதைவிடக் கல்லாவில் இருக்கும் பையனோ பெண்ணோ கேட்பது நல்லது. முதலாளி கேட்டால் பழக்கத்துக்காக “உங்க பேருதான் சார் ஊருக்கே தெரியுமே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அறிகுறி: “நோட்டீஸ் போட்டோம், ஒருத்தரும் கையில எடுத்துட்டு வரல”

முதலில் தாள் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். விடியற்காலையில் பேப்பர் ஏஜென்ட் செருகித் தரும் நோட்டீஸ், பேப்பர் வாங்கும் வீட்டுக்குத்தான் போகும். வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் லாட்ஜில் தங்கியிருப்பவர்களும் பேப்பர் போடச் சொல்வதில்லை. உங்கள் சரக்கு அவர்களுக்கானது என்றால் அந்தக் கட்டு முழுவதும் வேறு வீடுகளில் பஜ்ஜி வைக்கத்தான் பயன்பட்டிருக்கும்.

அடுத்த முறை அச்சடிக்கும்போது ஏரியாவுக்கு ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். காட்பாடிக்கு மூலையில் ஒரு நட்சத்திரம், சத்துவாச்சாரிக்கு வட்டம், கொசப்பேட்டைக்குக் குறியே வேண்டாம். அச்சுக்கூலியில் பெரிய வித்தியாசம் வராது. திரும்பி வரும் தாளைக் குறிவாரியாகக் கட்டி வையுங்கள். கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். அச்சும் விநியோகமும் சேர்த்து 6,000 ரூபாய் ஆயிற்று, தாளோடு வந்தவர்கள் 20 பேர். ஒருவரை அழைத்துவர 300 ரூபாய் செலவாகியிருக்கிறது. அவர் 250 ரூபாய்க்குச் செருப்பு வாங்கிப் போனால் உங்களுக்கே புரியும்.

தாள் சேர்ந்தும் ஆள் வரவில்லை என்றால் எழுத்தில் கோளாறு. “குறைந்த விலை, நிறைந்த தரம்”, “உங்கள் அபிமான”, “நமது நகரில் முதன்முறையாக”, “அனைவரும் வருக வருக”. இந்த வரிகள் எங்கள் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. கடைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்தக் கடை என்று சொல்லவே முடியாது. இதைவிட எளிய சோதனை இல்லை. பெயர்மேல் கட்டைவிரலை வைத்துப் படியுங்கள். எதிர்க்கடைக்கும் அதே நோட்டீஸ் பொருந்தினால் அந்த வரி வீண்.

பள்ளி திறக்கும் நேரத்தில் செருப்புக்கடை பாய் ஒருவருக்கு மேட்டரை மாற்றினோம். பழைய வரிகளை எடுத்துவிட்டு, “எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை கறுப்பு ஸ்கூல் ஷூ எல்லா சைஸும் இருக்கிறது. சைஸ் சேராவிட்டால் பில்லோடு 10 நாளுக்குள் மாற்றித் தருவோம்” என்று மட்டும் போட்டோம். “இன்னாப்பா, இவ்ளோதானா? காலியா கீதே” என்றார். காலி இடம் இருந்தால்தான் எழுத்து கண்ணில் படும் பாய் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம்தான்: பிள்ளை சைஸ் இருக்குமா, பத்தாவிட்டால் மாற்றுவார்களா. இரண்டுக்கும் அதில் பதில் இருந்தது.

ஹோட்டல்காரர்களுக்கும் இதுவே. நெடுஞ்சாலை ஓரம் எங்கே பார்த்தாலும் ‘ஆம்பூர் பிரியாணி’ போர்டுதான். ஆம்பூருக்குள்ளேயே அந்தப் பெயர் ஒரு கடையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. உங்கள் தட்டில் இருப்பதை எழுதுங்கள். சீரகச் சம்பாவா? தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய் உண்டா? அது அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரியா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. இந்த மாவட்டத்துக்காரருக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடிபடும். உண்மையிலேயே அதைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் எழுதுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

அறிகுறி: “ஆடித் தள்ளுபடி போட்டாதான் ஜனம் வருது, மத்த மாசம் ஈ ஓட்டுறோம்”

மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கடைகளைக் கரைத்துக்கொண்டிருப்பது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 700 ரூபாய்க்கு வாங்கிய புடவையை 1,000-க்கு விற்கிறீர்கள். மிஞ்சுவது 300. இருபது சதவீதம் தள்ளுபடி தந்தால் விலை 800, மிச்சம் 100. முன்பு ஒரு புடவையில் கிடைத்த 300 இப்போது கைக்கு வர மூன்று புடவை விற்க வேண்டும். பத்து சதவீதம் என்றால் இரண்டு விற்ற இடத்தில் மூன்று. இது கடை வாடகை, கூடுதல் ஆள் சம்பளம், மைக் வைத்த ஆட்டோ, ஃப்ளெக்ஸ் எதையும் சேர்க்காத கணக்கு. ஆடியில் உங்கள் விற்பனை உண்மையில் மூன்று மடங்கு ஆகிறதா? கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாத பில்லையும் இரண்டு வருஷத்துக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017-க்குப் பிறகு கணக்கு எப்படியும் கம்ப்யூட்டரில் இருக்கும், ஆடிட்டரைக் கேட்டால் எடுத்துத் தருவார். ஆடி ஏறி ஆவணி விழுந்திருந்தால் புதிதாக யாரும் வரவில்லை என்று பொருள். ஆவணி முகூர்த்தத்துக்கு முழு விலையில் வாங்கியிருக்க வேண்டியவரே ஆடியில் குறைந்த விலைக்கு வாங்கிப் போயிருக்கிறார். சொந்த வாடிக்கையாளரைக் காத்திருக்கப் பழக்கியது நாம்தான்.

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, வியாபாரம் மந்தம், தேங்கிய சரக்கைத் தள்ளிவிடலாம் என்ற யோசனையில் வந்தது இந்தத் தள்ளுபடி. அன்று தேங்கிய சரக்குக்கு மட்டும்தான். இன்று தள்ளுபடிக்கென்றே தனியாகச் சரக்கு இறக்குகிறோம். இன்னும் சில இடங்களில் விலைச் சீட்டை ஏற்றி ஒட்டி, அதன்மேல் குறைத்துக் காட்டுகிறார்கள். வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக நம்ப வைப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சட்டம் இருக்கட்டும். ஆனியில் அந்தப் புடவையைத் தொட்டு விலை கேட்டுவிட்டுப் போன அம்மாவுக்கு அந்த விலை நன்றாக ஞாபகம் இருக்கும்.

சரி, எப்படி வெளியே வருவது? ஒரே வருஷத்தில் நிறுத்தினால் கடை தாங்காது. முதல் வருஷம் தள்ளுபடியைத் தனி ரேக்குக்கு ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய சரக்கு மட்டும் அங்கே. நோட்டீஸிலும் காரணத்தை எழுதுங்கள்: “பொங்கலுக்கு வந்த புடவைகளில் மீதி இருப்பவை மட்டும்.” காரணம் தெரிந்தால் மற்ற சரக்கின் விலைமேல் சந்தேகம் வராது.

கூடவே, ஆடியிலேயே முழு விலைக்கு வாங்கக் காத்திருக்கும் தேவைகளைப் பாருங்கள். நம் பக்கம் ஆடி வெறும் மந்தமான மாதம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரி, வள்ளிமலை என்று காவடி எடுப்பவர்கள் எத்தனை குடும்பம்! மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, குழந்தைக்கு மஞ்சள் துணி அவர்களுக்கு அந்த வாரமே வேண்டும். ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குச் சாத்தப் புடவை தேடி வருகிறார்கள். இவர்கள் யாரும் இருபது சதவீதம் கேட்டு வரவில்லை. வேண்டிய நிறம், வேண்டிய அளவில், அன்றைக்குக் கிடைத்தால் போதும். அதை எழுதி வாசலில் வையுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஆடி ஒரு தடையே இல்லை. அவர்களின் பெரிய கொள்முதல் ரம்ஜான் நோன்பின் கடைசிப் பத்து நாளில். பிறைக் கணக்கில் ஓடுவதால் அது ஆண்டுக்கு சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். ஈகைத் திருநாள் 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. “போன வருஷம் போலவே ஏப்ரல் முதல் வாரம் நோட்டீஸ்” என்று பழக்கத்தில் ஆர்டர் கொடுத்த கடைக்கு 2025-இல் பெருநாளே முடிந்திருக்கும்.

இரண்டாம் வருஷம் ஆடிச் செலவில் பாதியை ஆவணிக்கு மாற்றுங்கள். முகூர்த்தத்துக்கு வரும் குடும்பத்துக்குத் தள்ளுபடியைவிட ஜாக்கெட் தைக்கும் டெய்லர் எப்போது தருவார் என்பதுதான் கவலை. அதற்கு ஒரு வழி செய்துகொடுத்து அதையே விளம்பரமாக்குங்கள்.

அறிகுறி: “ரோட்ல அவ்ளோ ஜனம் போகுது, நம்ம கடைக்குள்ள கால் வைக்கல”

காந்தி ரோடு, பாபுராவ் தெரு, அதைச் சுற்றிய சந்துகள். இங்கே கடை வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்பது இது.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவ நிலையம்தான் இன்று இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆந்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நோயாளியோடு வரும் ஆள் நாள்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார். அவருக்குச் சின்னக் குக்கர் வேண்டும், பாய் வேண்டும், பிளாஸ்க் வேண்டும். உங்கள் கடையில் மூன்றும் இருக்கிறது. ஆனால் உங்கள் போர்டு, நோட்டீஸ், லோக்கல் கேபிளில் ஓடும் வரி எல்லாமே சத்துவாச்சாரிக் குடும்பத்தோடு பேசுகின்றன.

அவர் எப்படி வாங்குகிறார் என்று ஒரு மாலை நின்று பாருங்கள். மொழி தெரியாத ஊரில் விலை கேட்கத் தயங்குவார். விலை எழுதியிருக்கும் கடைக்குள் நுழைவார். அதனால் சாமானின் மேலேயே எண்ணில் விலை எழுதுங்கள். எல்லா வேலையிலும் இதுதான் மலிவு, பலனும் இதில்தான் அதிகம். அடுத்து வாசலில் வங்காளத்திலும் இந்தியிலும் இரண்டு வரி. மொழிபெயர்ப்பு ஆப்பில் எடுத்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து லாட்ஜில் தங்கியிருக்கும் ஒருவரிடம் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். அந்தப் பேச்சிலேயே அவருக்கு என்ன தேவை என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு போன். வெளியூர்க்காரர் வழி கேட்பது மேப்பிடம்தான். இதை இப்படிச் சோதியுங்கள்:

1. உங்கள் போனில் வேண்டாம், வேறு யாருடைய போனிலாவது கடைப் பெயரைப் போடாமல் “பாத்திரக் கடை” என்று தேடுங்கள். வருகிறீர்களா?
2. மேப்பில் குத்தியிருக்கும் இடம் சரியா? பின்பக்கத் தெருவில் நின்றால் ஆள் திரும்பிப் போய்விடுவார்.
3. நேரம் சரியா? மதியம் சாத்துவது, வெள்ளிக்கிழமை தொழுகை நேரம், ஞாயிறு விடுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.
4. நம்பர் இன்றைக்கு எடுக்கும் நம்பர்தானா?
5. படத்தில் சாமானும் விலையும் தெரிகிறதா, திறப்பு விழா ரிப்பன் மட்டும்தானா?

திருத்த ஒரு மணி நேரம் போதும், காசு செலவில்லை. நல்ல மதிப்புரை எழுதினால் பரிசு என்று மட்டும் சொல்லாதீர்கள். கூகுள் விதிப்படி அது கூடாது, கண்டுபிடித்தால் மதிப்புரைகளை நீக்கிவிடும்.

மைக் வைத்த ஆட்டோவை இந்தப் பக்கம் விடுவதையும் நிறுத்துங்கள். மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அது வேண்டாம். உள்ளே படுத்திருப்பவரை நினையுங்கள். இந்தத் தெருவில் வருகிறவர் கையில் ரிப்போர்ட்டோடு, கலங்கிய மனதோடு நடக்கிறார். ஊர்க்காரருக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலை என்று வைக்காமல் இருப்பதே இங்கே மிகப் பெரிய விளம்பரம். லாட்ஜுக்குப் போய் அடுத்த அறைக்காரரிடம் அவர் சொல்வார். அந்த அறைக்காரர் ஊருக்குப் போய், அடுத்து வேலூருக்குக் கிளம்பும் உறவுக்காரரிடம் சொல்வார்.

அறிகுறி: “சீசன்லயே வியாபாரம் படுத்துடுச்சு, விளம்பரம் எல்லாம் அதே மாதிரிதான் செஞ்சோம்”

கூட்டம் இடம் மாறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தைக் குறை சொல்வது பிறகு.

சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் 2022-இல் திறந்தது, சில பிரிவுகள் அங்கே போயின. அந்த நோயாளிகளும் உடன் வருபவர்களும் காந்தி ரோட்டுக்கு வர வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு, சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த வங்கதேசத்தவருக்கு விசா கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. அவர்களை நம்பியிருந்த லாட்ஜும் பணம் மாற்றும் கடையும் சாப்பாட்டுக் கடையும் எத்தனை ஃப்ளெக்ஸ் வைத்திருந்தாலும் அந்தக் கூட்டம் வந்திருக்காது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் திங்கட்கிழமை மனு கொடுக்க வாலாஜாவிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர்கள், வேலை முடிந்ததும் பஜாரில் சாமான் வாங்கி, சாப்பிட்டு, பஸ் ஏறினார்கள். அந்தத் திங்கட்கிழமைகள் இப்போது வேறு ஊர்களில் நடக்கின்றன. காட்பாடி வி.ஐ.டி. பக்கம் கோடை விடுமுறையில் தெருவே வெறிச்சோடும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் மே மாதத்தில் மாணவர்களுக்கு நோட்டீஸ் அடிக்கச் சொல்லி ஆர்டர் வருகிறது.

சோதனை எளிது. கிழமைவாரியாக பில்லைப் பிரியுங்கள். எல்லா நாளும் சமமாக இறங்கியிருந்தால் கடையில் கோளாறு இருக்கலாம். ஒரு கிழமை மட்டும், அல்லது ஒரு வகைச் சரக்கு மட்டும் விழுந்திருந்தால் ஒரு கூட்டம் போய்விட்டது. போன கூட்டத்தை விளம்பரத்தால் திரும்ப அழைக்க முடியாது. அந்தச் செலவை நிறுத்திவிட்டு, இன்று இருப்பவர் யார் என்று நோட்டைப் பாருங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007-இல் வந்தபோது அரியூர் சாலையில் அதுவரை இல்லாத ஜனம் வந்தது. புது ஜனம் எப்போதும் முதலில் கல்லா நோட்டில்தான் தெரியும்.

அறிகுறி: “வாட்ஸப்ல தினமும் போடுறோம், பாக்குறாங்க, வாங்கல”

ஸ்டேட்டஸில் காலை வணக்கம், சாமி படம், நடுவில் ஒரு புடவை. பார்க்கிறவர்கள் உறவினர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும். ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் போய்விடும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். நீங்கள் அவர் நம்பரைப் பதிந்தது போதாது. ஆகவே பில் கொடுக்கும்போதே, “நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்கம்மா, சரக்கு வந்தா போட்டோ அனுப்புறேன்” என்று கேளுங்கள். சரி என்றவரை மட்டும் சேருங்கள். வாட்ஸப் பிசினஸ் ஆப்பில் லேபிள் இருக்கிறது. ‘காட்டன் மட்டும்’, ‘கல்யாணம் வருது’, ‘சின்னக் குழந்தை’ என்று பிரித்து, உரியவருக்கு உரியது மட்டும், மாதம் இரண்டு மூன்று தடவை அனுப்புங்கள். படத்தோடு விலை இருக்கட்டும். ‘விலைக்கு மெசேஜ் பண்ணவும்’ என்பதைப் பார்த்தவுடன் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள்.

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் பழக்கம் இருந்தால், விளம்பர எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டி.எல்.டி. பதிவு (அனுப்புபவர் பெயரையும் செய்தியையும் தொலைபேசி நிறுவனத்தின் தளத்தில் முன்கூட்டியே பதிவது) கட்டாயம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: “எதிர்க்கடை ரீல்ஸ் போட்டான், நாமளும் போட்டோம், ஒண்ணும் நடக்கல”

எதிர்க்கடைக்கு நடந்ததா என்று உங்களுக்குத் தெரியுமா? பார்வை எண்ணிக்கை தெரியும், பில் தெரியாது. பார்த்தவர் கோயம்புத்தூரில் இருந்தால் உங்களுக்கு என்ன பயன்? ரீல்ஸ் போடுங்கள், தவறில்லை. கடை வாசல், தெரு அடையாளம், விலை மூன்றும் அதில் வரட்டும். நோட்டில் ‘போனில் தேடி’ கட்டம் ஒரு மாதத்தில் நகராவிட்டால் அந்த நேரத்தை மேப் திருத்துவதில் செலவிடுங்கள்.

அறிகுறி: “வர்றாங்க, விசாரிக்கிறாங்க, வாங்காம போறாங்க”

விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. பிரச்சினை உள்ளே. விளம்பரத்தில் காட்டியது கடையில் இருக்கிறதா, சைஸ் இருக்கிறதா, எடுத்துக் காட்டும் பெண் உட்காரக்கூட இடமில்லாமல் பத்து மணி நேரம் நிற்கிறாரா என்று பாருங்கள். களைத்தவர் மலர்ந்த முகத்தோடு விற்க முடியாது. இந்த அறிகுறி தீரும்வரை எதையும் அச்சடிக்காதீர்கள்.

அறிகுறி: “நைனா ஒத்துக்க மாட்டேன்றாரு”

கடையைத் தொடங்கியவர் கல்லாவில் இருக்கிறார், பிள்ளையோ மருமகளோ மாற்ற நினைக்கிறார்கள். “இதெல்லாம் பழசு” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறியும். அவர் உழைப்பைப் பழசு என்று சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்கும்.

அவரிடம் கேட்கத் தொடங்குங்கள். “நைனா, இந்த காலண்டர் எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க? அப்போ யாருக்கெல்லாம் குடுத்தீங்க?” அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இன்று எத்தனை குடும்பம் வருகிறது என்று அவரே எண்ணுவார். தானாக எண்ணிச் சொன்ன எண்ணை யாரும் மறுப்பதில்லை.

கேட்கும்போது உங்களுக்கும் ஒன்று புரியும். பழையதெல்லாம் செத்த பழக்கம் இல்லை. மஞ்சப்பையைப் பாருங்கள். கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் காய்கறிக்கும் ஊர்ப் பயணத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இலவச பிளாஸ்டிக் பை வந்ததும் எல்லாரும் அதைக் கைவிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியது. நைனா காலத்துப் பழக்கம் இன்று மறுபடி சரியான பழக்கம். காலண்டரும் அப்படியே இருக்கலாம். டிசம்பரில் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வந்து “காலண்டர் வந்துச்சா?” என்று கேட்டால் அதைத் தொடாதீர்கள். நீங்கள் தேடிப்போய்க் கொடுக்க வேண்டியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள்.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அனுமதியில்லாத பேனர் சாலையில் சரிந்து, 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு இளம்பெண்ணின் உயிர் போயிற்று. திறப்பு விழாவோ திருவிழாவோ, அனுமதி வாங்காமல் சாலை ஓரம் எதையும் கட்டாதீர்கள். கேட்டாலும் நாங்கள் அடித்துத் தருவதில்லை.

அறிகுறி: “மாத்தினோம், ஆறு மாசத்துல பழையபடி ஆயிடுச்சு”

இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றியது. எது பலன் தந்தது என்று தெரியாததால் முதல் மந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். ஒரு மாற்றம், ஒரு மாதம், நோட்டில் பார்ப்பது, பிறகு அடுத்தது. இந்த வரிசையை விடாதீர்கள்.

இன்னொன்று நெருக்கடி. அவசரத்தில் கை பழக்கத்தைத்தான் தேடும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போனில் கொடுக்கும் ஆர்டர் நிச்சயம் “போன வருஷ மேட்டரே” என்றுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு விஷயத்தை ஆர்டர் சீட்டில் எழுதுங்கள்: இது யாருக்கு, எந்தத் தேதியோடு நிறுத்தப்போகிறோம். அந்தத் தேதி வந்ததும் பலகையைக் கழற்றுங்கள், ஸ்டேட்டஸை மாற்றுங்கள். தீபாவளி மேட்டரைப் புரட்டாசி முதல் வாரத்தில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்கள் மெஷினுக்கும் ஓய்வு இருக்காது.